யாரை 'மீல்யா' என்று எழுதலாம்

அன்றைக்கு அயர்லாந்தில், மோனஹன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: தாலிஸின் மனைவி நோரீன். அவள் அப்பா டெர்மட். அவள் அண்ணன் கீரன். தாலிஸோடு காளான் பண்ணையில் வேலை பார்த்த ஊல்டிஸ், அவன் மனைவி இன்டா. எங்கள் ஊர்த் தபால்காரி சர்மீதேயின் மகன் எட்வீன்ஸ். அங்கே லாத்வியக் கடை வைத்திருக்கும் கிழவி புரோனிஸ்லாவா. பாதிரியார் ஒருவர், பெயரை நோரீன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ரீகாவிலிருந்து விமானம் ஏறிப் போன என் மகள் டைகா, அவள் புருஷன் மோட்ரிஸ். ஆகப் பத்துப் பேர்.

பெட்டிக்குள் இருந்தவன் என் பேரன் தாலிஸ். நாலு வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. 2012 பிப்ரவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. அந்த நேரத்தில் நான் இங்கே லாத்வியாவில், என் சமையலறையில் அடுப்புக்குச் சிராய் பிளந்துகொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகஸ்டில்தான் தெரிந்தது.

இடையில் நோரீனும் நானும் எழுதிக்கொண்டவற்றைத் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன். நான் எழுதியதை அவள் நகலெடுத்து அனுப்பினாள். நான் பள்ளிக்கூடம் போனது நாலு குளிர்காலம். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது.

ஹெர்மீனே


19 பிப்ரவரி, மோனஹன்

மீல்யா பாட்டி,

நான் நோரீன், தாலிஸின் மனைவி. நீங்கள் நலமா? உங்கள் முழங்கால் நலமா? நான் நலம்.

நான் லாத்விய மொழி கற்கிறேன். மூன்று ஆண்டுகள் தாலிஸ் கற்றுக்கொடுத்தார். இப்போது சனிக்கிழமைகளில் டப்ளினில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். பிழைகளை மன்னியுங்கள்.

தாலிஸ் நார்வே நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். கப்பலில் வேலை. அங்கிருந்து கடிதம் அனுப்புவது கடினம். உங்களுக்குத் தொலைபேசியில் காது கேட்காது என்று தெரியும். ஆகவே மாதாமாதம் அவர் எழுதியது போல் இனி நான் எழுதுவேன்.

இங்கே மழை. அங்கே பனியா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோரீன்


4 மார்ச்

நோரீன்,

உன் கடிதம் கிடைத்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். போன மாதக் குளிரில் கிணற்று வாளியே கயிற்றோடு உறைந்துபோனது. முழங்காலைப் பற்றி என்ன சொல்ல. டிசம்பரில் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, மாடோனா டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். வைத்திருந்ததைவிடச் சோறு மோசம். நீ நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி.

கப்பலா? எங்கள் ஏரியில் துடுப்புப் படகில் ஏறினாலே அவனுக்கு வாந்தி வரும். ஒன்பது வயதில் பாதிரியார் தொப்பிமேலேயே எடுத்தான். யார் அவனுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது? உன் அண்ணனா?

இன்னொன்று. என்னை 'மீல்யா' என்று எழுதாதே. கல்யாணப் படத்தில் உன்னைப் பார்த்திருக்கிறேன். பல் வரிசை நன்றாக இருக்கிறது. அதற்குமேல் உன்னை எனக்குத் தெரியாது, என்னை உனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை வழியில் பார்ப்பவருக்கெல்லாம் கொடுப்பதில்லை.

அவனைக் குல்லாய் போடச் சொல். ஆண்டவன் காப்பான்.

ஹெர்மீனே


22 மார்ச், மோனஹன்

மதிப்புக்குரிய பாட்டி,

நலமா? நெஞ்சு இப்போது எப்படி?

மன்னியுங்கள். எங்கள் நாட்டில் கடிதத்தின் மேலே 'அன்பான' என்று எல்லாருக்கும் எழுதுவோம். மின்சார அலுவலகத்துக்கும் எழுதுவோம். கோபமாக எழுதும்போதும் அப்படியே எழுதுவோம். அகராதியில் 'மீல்ஷ்' என்றால் அன்பான, பிரியமான என்று இருக்கிறது. ஆணுக்கு 'மீல்ஷ்', பெண்ணுக்கு 'மீல்யா', சொல்லின் வால் மட்டும் மாறும் என்கிறார் ஆசிரியை. மிகச் சாதாரணச் சொல்லாம், முதல் பாடத்திலேயே வருகிறது.

ஆனால் தாலிஸ் உங்களுக்கு எழுதும்போது ஒவ்வொரு முறையும் அதையே எழுதுவார். பெயரை எழுதுவதற்கு முன் சற்று நிறுத்துவார். என்னையும் அப்படி அழைப்பார், அடிக்கடி அல்ல. யாரை அப்படி அழைக்கலாம்? யாரை அழைக்கக் கூடாது? எனக்குத் தெரிய வேண்டும். மிகவும் வேண்டும்.

கப்பல் பெரியது, ஆடாது என்று சொன்னார்கள்.

நோரீன்


9 ஏப்ரல்

நோரீன்,

ஈஸ்டர் முடிந்தது. வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டையோடு முட்டை மோதி விளையாட ஆளில்லாமல் என் வலக்கையும் இடக்கையும் மோதின. வலக்கை தோற்றது. பிர்ச் மரத்தில் சாறு இறங்குகிறது. நான் நலம், நீயும் அப்படி இருக்க வேண்டும்.

உன் ஆசிரியைக்கு என்ன வயது? சாதாரணச் சொல்லாம். உப்புகூடச் சாதாரணம்தான், அதற்காகக் கையால் அள்ளிப் போடுவார்களா?

கேள். எங்கள் கூட்டுப்பண்ணைத் தலைவன் ஒருவன் இருந்தான். பால் கறக்கும் பெண்களைக் கூட்டி நிறுத்தி, 'மீல்யா பெண்களே' என்று தொடங்குவான். தொடங்கினாலே ஆளுக்கு இரண்டு மாடு கூடும் என்று எங்களுக்குத் தெரியும். அவன் செத்தபோது நான் பூ கொண்டுபோகவில்லை.

என் புருஷன் அல்பெர்ட்ஸ் நாற்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை சொன்னான். விறகு அறுக்கும்போது என் கை கிழிந்து, அவன் காயத்துக்குத் தையல் போடுகிறவளிடம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று. அதற்குப் பிறகு சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

தாலிஸ் சொன்னது வேறு. 1983 ஆகஸ்டில் டைகா அவனைக் கொண்டுவந்து விட்டாள். ஒரு பை, ஒரு ஜோடி செருப்பு. "ரெண்டே வாரம்மா, வீடு கெடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். அந்தக் குளிர்காலம் அவனுக்குக் கக்குவான் இருமல். பதினோரு நாள் அடுப்போரம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டே நின்றேன். படுக்கவைத்தால் மூச்சு நின்றுவிடும். பன்னிரண்டாம் நாள் காலை வறுத்த உருளைக்கிழங்கு கேட்டான். தட்டை வைத்ததும் என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள். கழுவிவிட்டவளுக்கு, ஊட்டிவிட்டவளுக்கு, தூங்காமல் நின்றவளுக்கு அது. ஜன்னலிலிருந்து கையாட்டினவளுக்கு அது கிடையாது. அவள் அதை எடுத்துச் சொல்லவும் கூடாது.

தாலிஸ் கையால் ஒரு வரி வேண்டும். நீ எழுதுவது போதாது.

ஹெர்மீனே


14 மே, மோனஹன்

மதிப்புக்குரிய பாட்டி,

உங்கள் பிறந்தநாளுக்கு என் வாழ்த்துகள். எழுபத்தெட்டு வயது பெரிய வயது. மாடோனாவில் உள்ள பூக்கடைக்கு இணையத்தில் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு கார்னேஷன் பூக்கள் வரும். தாலிஸ் சார்பிலும்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அகராதி இல்லாமலே புரிந்தது. நலமாக இருங்கள்.

நோரீன்


21 மே

நோரீன்,

பன்னிரண்டா! உயிரோடு இருப்பவளுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள், பெண்ணே. இரட்டைப்படை பெட்டிக்கு. இதைக்கூட உன் புருஷன் சொல்லித்தரவில்லையா?

தபாலோடு சர்மீதேதான் சைக்கிளில் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்துவிட்டு நான் சொன்னேன், "பாரு சர்மீதே, அயர்லாந்துக்காரிக்கு என்ன அவசரம்னு. முன்கூட்டியே அனுப்பிட்டா."

"ஒன்னை உருவி எறிங்க ஹெர்மீனேம்மா. சிரிக்காதீங்க."

"ஏன்டி, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"வெங்காயம் நறுக்கிட்டு வந்தேன்."

சைக்கிள் மேல் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாளாம். காப்பி குடிக்காமல் போய்விட்டாள். இருபது வருடத்தில் அவள் என் காப்பியை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒரு பூவை உருவிக் கோழிக்குப் போட்டேன். மிச்சம் பதினொன்றும் நன்றாகவே இருந்தன. நன்றி.

நான் கேட்ட வரி இன்னும் வரவில்லை.

ஹெர்மீனே


27 ஜூன்

நோரீன்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நானே எழுதுகிறேன்.

கோடைநடுத் திருநாளுக்கு டைகாவும் மோட்ரிஸும் வந்தார்கள். சீரகம் போட்டுப் பாலாடைக்கட்டி கட்டினேன், பீர் இருந்தது, வாசல் தூணில் ஓக் இலை கட்டினேன். தாலிஸ் தலைக்கென்று ஒரு ஓக் மாலையும் கட்டி ஆணியில் மாட்டினேன், வழக்கம்போல. டைகா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவன்கிட்ட பேசினியா?" என்று கேட்டேன்.

"பேசினேம்மா. நல்லா இருக்கான். அங்க குளிராம்."

"ஜூன்லயா?"

"நார்வேம்மா அது."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"குரல் மாதிரிதான் இருந்துச்சு. இந்தக் கட்டி இந்தத் தடவை நல்லா வந்திருக்கு."

இதைச் சொல்லும்போது அவள் பாலாடைக்கட்டியைத்தான் பார்த்தாள். இரண்டாம் துண்டும் எடுத்துச் சாப்பிட்டாள். மோட்ரிஸ் தீயைப் பார்க்கிறேன் என்று வெளியே போனவன் வரவேயில்லை. போகும்போது எனக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டை கொடுத்தாள், தாலிஸ் அனுப்பியதாம். தாலிஸுக்குத் தெரியும் நான் நீலம் போடமாட்டேன் என்று.

நோரீன், நான் முட்டாள் இல்லை. ஜெயிலில் இருக்கிறானா? உன்னை விட்டு வேறொருத்தியோடு போய்விட்டானா? எதுவானாலும் சொல். ஆகஸ்ட் கடைசியில் கல்லறைத் திருநாள். அவன் வருவான், அல்பெர்ட்ஸின் கல்லறை மணலைச் சீவுவான், வேலிக்கு வர்ணம் அடிப்பான். அயர்லாந்து போன பிறகும் ஒரு வருடம் தவறியதில்லை. என்னைப் புதைக்கும்போது முதல் மூன்று பிடி மணல் அவன்தான் போடுவான். அதை நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். இந்த வயதில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஹெர்மீனே


3 ஆகஸ்ட், மோனஹன்

மதிப்புக்குரிய பாட்டி,

நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் சரியாக உறங்குவதில்லை.

தாலிஸ் சிறையில் இல்லை. வேறு பெண் இல்லை. இது உண்மை.

ஆசிரியை வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஒரு சொல்லை எங்கெல்லாம் பார்த்தீர்கள், கேட்டீர்கள் என்று எழுத வேண்டும். நான் 'மீல்ஷ்' எடுத்தேன். தாலிஸின் கடிதங்களின் மேலே பார்த்தேன். புரோனிஸ்லாவா தன் கடைப் பூனையை அப்படி அழைப்பதைக் கேட்டேன். பூனைக்கு ஊட்டுகிறார், ஆகவே சரி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தாலிஸ் சொன்னார். பிறகு ஒரு வெள்ளை ரிப்பனில் பார்த்தேன். பொன்னிற எழுத்து. 'மீல்ஷ் மகனுக்கு, அம்மா' என்று இருந்தது.

அந்தக் கடைசி இடம் சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஏப்ரலில் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது தவறு. ஆனால் அவர் மிகவும் அழுதார். நான் பல மாதங்களாக இதையே யோசிக்கிறேன். அவர் அதை எழுதலாமா, பாட்டி?

நோரீன்


11 ஆகஸ்ட்

நோரீன்,

எங்கள் ஊரில் எழுத்துள்ள ரிப்பன் ஒரே ஓர் இடத்தில்தான் தொங்கும். கல்யாணத்தில் தொங்காது, ஞானஸ்நானத்தில் தொங்காது. மலர்வளையத்தில் தொங்கும்.

டைகாவுக்கு ஒரே மகன்.

எந்தத் தேதி? எப்படி? யார் யார் இருந்தார்கள்? ஒருவர் விடாமல் எழுது. எனக்கு ஒன்றும் ஆகாது. உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஹெர்மீனே


18 ஆகஸ்ட், மோனஹன்

பாட்டி,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை.

ஜனவரி 28, சனிக்கிழமை. காளான் கொட்டகைக் கூரையில் ஒரு தகடு காற்றில் தூக்கியிருந்தது. தாலிஸ் ஏறினார். இரவு மழை உறைந்து கூரை வழுக்கியது. கயிறு கட்டவில்லை. "ரெண்டு ஆணிதான்" என்று கீரனிடம் சொன்னாராம். கீழே சிமெண்ட் தரை. மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையில் இறந்தார். நான் கையைப் பிடித்திருந்தேன். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உங்களைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுத ஆசையாக இருந்தது. ஆனால் இனி உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

டைகா அன்றே தொலைபேசியில் சொன்னார்: அம்மாவுக்கு இதயம் சரியில்லை, தாங்காது, கோடையில் நானே நேரில் சொல்கிறேன் என்று. கப்பலும் நார்வேயும் அவர் சொன்னவை. நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது நான். கோடை வந்தது, அவர் சொல்லவில்லை. எட்வீன்ஸ் தன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்; அவரையும் டைகா சொல்லவிடவில்லை.

ரிப்பனைப் பற்றி வேண்டுமென்றே எழுதினேனா? தெரியவில்லை. ரிப்பன் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தபால்பெட்டியில் போட்டபின் பல மாதங்களில் முதல்முறையாக உறங்கினேன்.

அன்று இருந்தவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கல்லில் இன்னும் எதுவும் வெட்டவில்லை. நீங்கள் சொல்வதை வெட்டுவேன்.

நோரீன்


14 அக்டோபர்

நோரீன்,

இரண்டு மாதம் எழுதவில்லை. நெஞ்சு நிற்கவில்லை. நின்றால்தான் என்ன என்று காத்திருந்தேன். அதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

கல்லறைத் திருநாள் அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். டைகாவும் மோட்ரிஸும் காரில் வந்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பாட்டு முடியும்வரை பொறுத்தேன். எல்லாரும் அவரவர் கல்லறை மணலைச் சீவிக்கொண்டிருந்தபோது, அல்பெர்ட்ஸின் கல்லுக்கு முன் நின்று கேட்டேன்.

"ரிப்பன்ல என்ன எழுதின, டைகா?"

அவள் கையிலிருந்த சீவுகோல் விழவில்லை. கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நோரீன் சொல்லிட்டாளா?"

"என்ன எழுதினன்னு கேட்டேன்."

"உனக்கு நெஞ்சு தாங்காதும்மா. டாக்டர்தான்..."

"நெஞ்சு என்னோடது. தாங்குமா தாங்காதான்னு சொல்ல நீ யாரு? வளத்தவ நான். அவன் குழியில ஒரு பிடி மணல் போட விடல நீ. ஆறு மாசம் மறைச்சு வச்சு, என் சமையலறையில உக்காந்து, என் கட்டியத் தின்னுட்டு, குரல் குரல் மாதிரி இருந்துச்சுன்ன."

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவனுக்கு மீல்ஷ்னு எழுத உனக்கு எந்தக் கை வந்துச்சு? பஸ்ல இருந்து ஆட்டின கையா?"

அப்போதுதான் அவள் சீவுகோலைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

"மூணாவது வாரம் நான் வந்தேன்ல, அம்மா? வீடு கெடைச்சிருச்சுன்னு சாவியோட வந்தேன். நீ என்ன சொன்ன? 'மெலிஞ்சிருக்கான், பயணம் தாங்காது'ன்ன. கிறிஸ்துமஸுக்கு வந்தேன். இருமல், தாங்காதுன்ன. மார்ச்சுல வந்தேன். பனி, தாங்காது. மே மாசம் வந்தப்போ உன் பாவாடையப் புடிச்சுக்கிட்டு, இவங்க யாருன்னு உன்னைக் கேட்டான். நீ என் பேரச் சொன்ன. அம்மான்னு சொல்லல. டைகான்னு சொன்ன."

நான் குனிந்து அவள் வைத்த சீவுகோலை எடுத்தேன்.

"தாங்காதுன்னு சொல்லிச் சொல்லித்தானே எம்புள்ளைய வச்சுக்கிட்ட. நானும் அதையேதான் சொன்னேன். நீ அங்க வந்திருந்தா எல்லாரும் உன்கிட்டதான் வந்து கையப் புடிச்சிருப்பாங்க. நான் மோட்ரிஸ் பக்கத்துல ஓரமா நின்னிருப்பேன். ஒரு நாள், அம்மா. ஒரே ஒரு நாள் அவனுக்கு நான் அம்மாவா நின்னேன்."

மோட்ரிஸ் அவளைக் காருக்குக் கூட்டிப் போனான். பக்கத்துக் கல்லறையில் என் அண்டைவீட்டு வல்டா, 1961-ல் என் வைக்கோல் வாரியை மூன்று பல் உடைத்துத் திருப்பிக் கொடுத்தவள், குனிந்து சீவிய இடத்தையே சீவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் அவள் காதிலிருந்து தப்பியிருக்காது.

நீ கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் அவள் வந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. கயிற்றில் கோத்த இரண்டு சாவி. அன்றைக்கு அவன் மெலிந்திருக்கவில்லை. கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது. பயணத்தைத் தாங்கியிருப்பான்.

கல்லில் பெயரும் தேதியும் மட்டும் வெட்டு. அந்தச் சொல் வேண்டாம். யார் சொன்னதாக அதைப் போடுவாய்? நீ சொன்னதாகப் போடுவதென்றால் போடு, உனக்கு உரிமை உண்டு, நீ கையைப் பிடித்திருந்தாய். மேலே உன் பெயரை வெறுமனே எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். உன்னைப் பார்க்காமல் வேறு மாதிரி எழுத எனக்கு வராது. வசந்தத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் ஓடும்.

சர்மீதேயை மன்னித்துவிட்டேன். மறுபடியும் காப்பி குடிக்கிறாள். உன்னை மன்னித்துவிட்டேன், பொய்யைச் சுமக்கத் தெரியாதவள் நீ. மோட்ரிஸ் சொன்னதைச் செய்கிற மனிதன், அவனிடம் எனக்குக் கோபமே வந்ததில்லை. கயிறு கட்டாமல் ஏறியவனை மன்னிக்க எனக்கு செப்டம்பர் முழுவதும் ஆனது. ஆறு மாதப் பொய்யைக்கூடக் காலப்போக்கில் மன்னித்திருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் கல்லறையில், ஊர் முழுக்கக் கேட்க, அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதற்கு மன்னிப்பு கிடையாது, நான் மணலுக்குள் போகும்வரை கிடையாது.

டைகாவுக்குக் கிடையாது.